ஜாடிப் பேய்க்குக் குரல் கொடுத்தவள்

மரம் வெட்டிப் போட்ட வருஷம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்தது. ஒரு வாரத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. பஸ் இல்லை, தபால் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. சில வீடுகளில் அந்த வாரம் விழுந்த அழுகை இன்னும் ஓயவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதை எழுத இத்தனை வருஷம் தயங்கியதற்கு அதுதான் காரணம். ஏனென்றால் என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்த வாரம் வேறு இல்லை. அந்த வாரம் முழுக்க நான் சினிமா பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. பேசினேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. ரேஷன் கடைச் சீட்டோ கல்யாணப் பத்திரிகையோ எது வந்தாலும் நான் விடுமுறைக்கு வரும்வரை மாடத்தில் காத்திருக்கும். வந்ததும் ஊரில் பாதிப் பேர் கேட்கும்படி உரக்கப் படிப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. இன்றும் உண்டு.

எங்கள் ஊர் கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், வண்டி மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. விடுதியில் நான் வயதுக்கு வந்ததும் ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தார்கள். அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கவலையில்லை. என் தகரப் பெட்டியையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். பெட்டி விடுதியில் இருந்தால் நான் திரும்பி வருவேன் என்று அர்த்தம். பெட்டி வீட்டுக்கு வந்தால், நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் அப்படித்தான் போனார்கள். அந்த நீலப் பெட்டி பஸ் முழுக்க என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாய்மாமன்தான் குடிசை கட்ட வேண்டும் என்பது வழக்கம். என் மாமா, அம்மாவின் தம்பி, எலவனாசூர்கோட்டையிலிருந்து மறுநாளே வந்துவிட்டார். வாசல் மூலையில் பச்சைத் தென்னங்கீற்றில் கையகலக் குடிசை ஒன்றைக் கட்டி, வாயிலில் ஒரு உலக்கையைக் குறுக்கே போட்டார். ஒன்பதாம் நாள் மாமா சீர்வரிசையோடு வருவார். அவர் கொண்டுவருகிற புடவையை உடுத்தித்தான் நான் வெளியே வர வேண்டும். அதுவரை எந்த ஆணும் என்னைப் பார்க்கக்கூடாது. கட்டி முடித்துக் கிளம்பும்போது மாமா அப்பாவிடம் சொன்னது கீற்று வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"படிச்சது போதும் மாமா. தண்ணி ஊத்துன கையோட வூட்லயே நிறுத்திடுங்க. ரெண்டு வருஷம் போனா கல்யாணத்தப் பார்த்துடலாம்."

அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அப்பா எப்போதும் தலையைத்தான் ஆட்டுவார். கீற்று வழியாகத் தலையாட்டல் கேட்காது.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முதல் சிலேட்டு வாங்கித் தந்தவர் அவர். பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அவர் மனதில் ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான். அது எட்டாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன்னால் வந்து முடிந்தது.

---

எட்டாம் நாள் சாயங்காலம் டெக்காரர் வந்து இறங்கினார்.

டெக் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. டி.வி.யில் படம் ஓட்டுவதற்கு, கருங்கல் பலகை கனத்தில் ஒரு பெட்டி. கேசட்டை வாயில் வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். விசேஷத்துக்கு டெக் எடுப்பது அப்போது புதுப் பெருமை. எங்கள் ஊரில் ஒருவர் காதுகுத்துக்கு எடுத்திருந்தார், அதனால் அப்பா என் சடங்குக்கு எடுத்தார். டெக்காரர் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் ஓட்டல் ஒன்றின் பக்கத்தில் கடை வைத்திருந்தவர். ஒல்லி, கோடுபோட்ட சட்டை, காதில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர். மறுநாள் பஸ் ஓடுவது சந்தேகம் என்று கேள்விப்பட்டு, டி.வி.யையும் டெக்கையும் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். தமிழ்ப் படக் கேசட்டுகளைக் கூட்டாளி காலை முதல் பஸ்ஸில் எடுத்து வருவார் என்றார்.

அந்த முதல் பஸ் எட்டு நாள் கழித்து வந்தது.

மாமாவும் வரவில்லை. ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் சைக்கிளில் ஒருவர் சேதி கொண்டுவந்தார். எலவனாசூர்கோட்டைப் பக்கம் சாலையில் விழுந்த முதல் மரத்தை வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். காலையில் மறியல், சாயங்காலம் சீர் என்று கணக்குப் போட்டிருந்தாராம். மரம் விழுந்தபிறகுதான் சீர் வண்டி அந்தப் பக்கம் நிற்பது நினைவுக்கு வந்திருக்கிறது. தட்டு ஏந்திய பெண்கள் புளியமரத்தின் மேல் ஏறி இறங்கி வர முடியுமா? அம்மா இதைக் கேட்டதும் களி கிண்டுகிற துடுப்பின் சத்தம் நின்றது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கீற்று வழியாகக் கேட்டேன்.

ஆக, மாமா வராமல் நான் வெளியே வர முடியாது. மரம் விலகாமல் மாமா வர முடியாது. டெக்காரரும் போக முடியாது. பந்தல் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, டி.வி. இருக்கிறது. படம்தான் இல்லை.

"மூணு கேசட் கீதுங்க," என்றார் டெக்காரர். "டெக்க ஓட்டிப் பாக்கறதுக்கு வெச்சிருக்கறது. சிங்கப்பூர்லருந்து வந்த ஒருத்தர் குடுத்தாரு. ஆனா தமிழ் இல்ல."

மூன்றின் முதுகிலும் அவரே பேனாவால் எழுதியிருந்தார்: அடி. பேய். சிரிப்பு.

---

இரவில் படம் போட அப்பா சம்மதிக்கவில்லை. வெளிச்சம் தெரிந்தால் போலீஸ் ஜீப் வந்து ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம். அதனால் பட்டப்பகலில்தான் படம். பந்தலைச் சுற்றிலும் போர்வை, தார்ப்பாய், அம்மாவின் கூறைப்புடவை உட்பட எல்லாவற்றையும் கட்டி இருட்டாக்கினார்கள். வேர்வை நாற்றமும், சாம்பிராணியும், சூடான டி.வி.யிலிருந்து வருகிற ஒரு கருகல் வாசனையும் கலந்து அடிக்கும். என் குடிசை பந்தலின் மூலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அத்தை, அப்பாவின் தங்கை, எனக்குக் காவலாக உலக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள்தான் கருக்கரிவாளால் கீற்றில் ஒரு கோடு கிழித்து, எனக்கு டி.வி. தெரியும்படி செய்தாள். நான் வெளியே பார்க்கலாம், யாரும் என்னைப் பார்க்க முடியாது.

முதலில் "அடி" படம். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர், மொட்டையடித்த பையன் ஒருவன். கிழவர் பையனைத் தண்ணீர் சுமக்க வைக்கிறார், தலைகீழாகத் தொங்கவிடுகிறார், துடைப்பத்தால் அடிக்கிறார். நடுவே நடுவே நீளமாகப் பேசுகிறார். கால் மணி நேரத்தில் கூட்டம் நெளிய ஆரம்பித்தது. அத்தை பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"இன்னாதான் சொல்றான் அந்தத் தாடிக்காரன்?"

அப்போதுதான் அப்பா, எந்த விஷயத்திலும் வாய் திறக்காத என் அப்பா, சொன்னார்: "எம்பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும்."

பந்தல் முழுக்க என் குடிசையைத் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் என்ன என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு பாட்டு, வாரத்தின் ஏழு நாட்கள், ஒரு விடுமுறைக் கடிதம். ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றால், ஏழெட்டு வருஷமாக இவள் படித்துக் கிழித்தது இதுதானா என்று ஆகிவிடும். நீலப் பெட்டி உள்ளே என் பக்கத்தில்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"எங்க, ஏதாச்சும் பேசச் சொல்லு பாப்பம்," என்றார் ஒருவர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே மூச்சில் விட்டேன்: "ரெஸ்பெக்டெட் சார், ஆஸ் அயாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரெக்வஸ்ட் யூ டு கிராண்ட் மி லீவ் ஃபார் டூ டேஸ், தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியண்ட்லி."

அப்பா டெக்காரரைப் பார்த்து, இது இங்கிலீஷ்தானுங்களே என்று மெல்லக் கேட்டார். டெக்காரருக்கு ஏனோ இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்.

"சுத்தமான இங்கிலீஷுங்க. நான் சவுண்ட கொறைச்சிடறேன். பாப்பா பேசட்டும்."

பார்க்கக்கூடாது என்றுதான் வழக்கம் இருந்தது. கேட்கக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படித்தான் அந்தப் பச்சை ஓலைக்குள்ளிருந்து நான் பேச ஆரம்பித்தேன்.

முதலில் பயந்து பயந்து ஒன்றிரண்டு சொன்னேன். தண்ணி எடுத்துக்கினு வாடா. சரிங்க. கிழவர் அடுத்த முறை கையை நீட்டிக் கத்தியதும் எங்கள் கணக்கு வாத்தியார் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டார். "எருமை, பதினாறாம் வாய்ப்பாட்ட தலைகீழா சொல்லு" என்றேன். திரையில் பையன் தலைகீழாகத் தொங்கினான். பந்தலே சரிந்து விழுந்தது. அதற்குப்பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. கிழவருக்கு ஒரு தொண்டை, பையனுக்கு ஒரு தொண்டை, வில்லனுக்கு எங்கள் ஊர்த் தண்டல்காரரின் இழுப்பு. நடுவில் அத்தை உளுந்தங்களி உருண்டையை உள்ளே தள்ளுவாள். வாயில் களியோடு சண்டைக் காட்சி வந்தால் வில்லன் மென்றுகொண்டே மிரட்டுவான். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் விழுங்க வைக்கிற தண்டனையைக்கூட, தொண்டைக்கு நல்லது என்று சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

---

படம் போட ஆரம்பித்த மூன்றாம் நாள் கூட்டம் பந்தலை மீறியது. வெள்ளிமலைப் பக்கமிருந்து சாமை மூட்டைகளோடு ஜீப்பில் இறங்கி வந்த மலைக்காரர்கள் பத்துப் பேர், கள்ளக்குறிச்சிக்குப் போக வழியில்லாமல் எங்கள் ஊரில் தங்கிவிட்டார்கள். சடங்குக்கு வாங்கிய காய்கறியெல்லாம் வாடிப்போன நேரம் அது. அவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். அம்மா சாமைச் சோறு ஆக்கினாள், எல்லோரும் சாப்பிட்டோம். வழியில் மாட்டிக்கொண்டவர்கள், பாவம் என்று ஊரே உபசரித்தது. பின்னால்தான் ஒன்று தெரிந்தது. மலைக்குத் திரும்பிப் போகிற சாலையில் யாரும் ஒரு கிளையைக்கூட வெட்டியிருக்கவில்லை. நினைத்திருந்தால் முதல் நாளே ஊர் திரும்பியிருக்கலாம். படம் முடியட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

"சிரிப்பு" படம்தான் என்னைத் திணறடித்தது. இரண்டு குண்டு வெள்ளைக்காரப் போலீஸ்காரர்கள், எதைத் தொட்டாலும் உடைக்கிறவர்கள். அதில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. "யெஸ் சார்" என்று ஒருவன் சொன்னபோது, "சரிங்க ஐயா" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினேன். மீதிப் படத்துக்குச் சிரித்துச் சமாளித்தேன். அவர்கள் விழுந்துகொண்டே இருந்ததால் யாரும் வசனம் கேட்கவில்லை. ஆனால் எனக்கு உள்ளூர ஒரு குழப்பம். அடி படமும் பேய் படமும் எனக்கு இவ்வளவு சரளமாக வருகிறதே, இது மட்டும் ஏன் வரவில்லை? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த இரண்டும் நம் விழுப்புரம் பேச்சு மாதிரி ஒரு பக்கத்து இங்கிலீஷ், இது திருநெல்வேலிப் பேச்சு மாதிரி வேறு பக்கத்து இங்கிலீஷ். அந்த விளக்கத்தை அத்தையிடம்கூடச் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் பிடித்தது "பேய்"தான். ஐந்து தடவை ஓடியது.

ஒரு சமையல்காரன் பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றை வாங்கி வருகிறான். அவன் கடையில் எப்போதும் சேமியாதான் விற்கும், அதனால் எங்களுக்கு அவன் சேமியாக்காரன். ஜாடியைத் திறந்தால் உள்ளே கல்யாணக் கோலத்தில் செத்துப்போன ஒரு பெண். யாராவது மூடியை எடுத்தால்தான் வெளியே வருவாள். வந்தால் நகம் முழ நீளம், கண்ணில் பச்சை வெளிச்சம். முதல் தடவை அவள் கை ஜாடியிலிருந்து எழுந்தபோது, மலைக்காரர் ஒருவர் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினார். இரண்டாம் தடவை பார்க்கும்போது யாருக்கும் பயமில்லை. அத்தைக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது.

"தலகூட வாரல பாவம். எத்தினி வருஷமா உள்ளயே குந்திக்கினு இருந்தாளோ."

நான் அந்தப் பேய்க்கு மட்டும் வேறு யாருடைய குரலையும் கொடுக்கவில்லை. என் குரலிலேயே பேசினேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

படத்தின் கடைசியில் நீளமீசை மந்திரவாதி ஒருவன் மெழுகும் மூடியுமாக வருவான், அவளை ஜாடிக்குள்ளேயே அடைத்து முத்திரை வைக்க. அவள் அவனிடம் வெகுநேரம் கெஞ்சுவாள். இரண்டாவது தடவை சரியாக அந்த இடத்தில் டெக் கேசட்டைத் தின்றுவிட்டது. உள்ளே சுருள் சுருளாக நாடா. டெக்காரர் வியர்த்துப்போய், கசங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, என் சடங்குக்கு வாங்கி வைத்திருந்த நகப்பாலிஷை வைத்து ஒட்டினார். அதன்பிறகு எப்போது போட்டாலும் ஒட்டிய இடம் வரைக்கும்தான் படம். அவள் கெஞ்சி முடித்ததும் திரையில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூச்சி பறக்கும். மந்திரவாதி மூடினானா விட்டானா என்று முதலில் பார்த்தவர்களுக்கே மறந்துபோய்ச் சண்டை வந்தது. பாதிப் பேர் மூடிவிட்டான் என்றார்கள். முதல் தடவை அந்த நேரத்தில் அத்தையிடம் பிடித்த வம்பில் நானும் முடிவைக் கவனிக்கவே இல்லை.

---

பதினாறாம் நாள் காலையில் மாமா வந்தார். சாலையில் பாதி மரங்கள் இன்னும் கிடந்தன. வயல்வழியே மாட்டுவண்டியில் சுற்றி, சேறும் முள்ளுமாக, நான்கு தட்டுச் சீரோடு வந்து சேர்ந்தார். உள்ளங்கையெல்லாம் கோடாலி பிடித்த கொப்புளம். தண்ணீர் ஊற்றும் நல்ல நேரம் மூன்று மணிக்குமேல்தான். அதுவரை மாமாவுக்குப் படம் காட்டியே தீர வேண்டும் என்று ஊரே நின்றது. எந்தப் படம் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஓலைக்குள்ளிருந்து குரல் வந்ததும் மாமா திடுக்கிட்டார். "யாரு பேசறது?"

"ஒம்மருமவதான். இங்கிலீஷ அப்படியே தமிழாக்கித் தருது," என்றாள் அத்தை, தானே கற்றுக்கொடுத்தவள் போல.

மாமா குடிசையைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். மூன்று மணிக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அதற்குமேல் நான் எதுவும் பேச முடியாது, பெரியவர்கள்தான் பேசுவார்கள். நான் பேச முடிவது இந்தப் படம் முடிகிறவரைக்கும்தான்.

மந்திரவாதி மூடியோடு வந்தான். நான்கு நாளாக அந்த இடத்தில் அவள் சேமியாக்காரனைப் பற்றி உருகுவாள். அன்று அவள் வேறு மாதிரிப் பேசினாள்.

"மூடாதீங்க மாமா," என்றது ஜாடிப் பேய். "உள்ள இருட்டா கீது. இன்னும் ஏழு பாடம் பாக்கி கீது. பள்ளிக்கூடம் தெறந்ததும் எனுக்குக் காலாண்டுப் பரீட்ச. எழுதிட்டு வந்துடறேன் மாமா, அப்பறம் கூட மூடிக்குங்க."

திரையில் பூச்சி பறந்தது.

"பேய்க்கு இன்னாடி பரீட்ச?" என்றாள் அத்தை, மெதுவாக.

மலைக்காரர் ஒருவர் மாமாவின் பக்கம் சாய்ந்து, மரியாதையாகச் சொன்னார்: "நேத்து வரைக்கும் இந்த வசனம் கெடையாதுங்க."

அடுத்துப் பேசியது அம்மா. அடுப்படியிலிருந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் தம்பியின் முன்னால் நின்றாள்.

"தம்பி, ஒரு வாரமா ரோட்ல படுத்துக் கெடந்தியே, எதுக்குடா?"

"உனுக்குத் தெரியாததா யக்கா. படிப்புலயும் வேலையிலயும் எடம் கேட்டுத்தான்."

"யாருக்கு?"

"நம்ம புள்ளைங்களுக்கு."

"இதோ ஓலைக்குள்ள ஒண்ணு குந்திக்கினு கீது. அதுவும் நம்ம புள்ளதான்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்க் களி கிண்ட ஆரம்பித்துவிட்டாள். இட ஒதுக்கீட்டைப் பற்றி அதற்குப்பிறகு எத்தனையோ மேடைப் பேச்சுக் கேட்டிருக்கிறேன். பட்டம் வாங்கியவர்கள், கோட்டுப் போட்டவர்கள் பேசியது. கைநாட்டுக்காரியான என் அம்மா களித் துடுப்போடு பேசிய அந்த நாலு வார்த்தைக்கு மேலே யாரும் போகவில்லை.

மாமா எழுந்து, தார்ப்பாயை ஒதுக்கிவிட்டு வெளியே போனார். கொஞ்ச தூரத்தில் டெக்காரரும் அவரும் பீடி பற்ற வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்ததைக் கீற்றுக் கோடு வழியாகப் பார்த்தேன். டெக்காரர் ஏதோ சொன்னார். மாமாவின் தோள் குலுங்கியது. இருமுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மாமாவின் அரக்குப் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பதினைந்து நாள் வெயில் ஒரேயடியாகக் கண்ணில் அடித்தது. குடிசையைப் பிரித்து எரிப்பதும் மாமன் வேலைதான். பிரித்தார். கீற்றுக்குள் சொருகி வைத்திருந்த என் இங்கிலீஷ் புத்தகம் கீழே விழுந்தது. அதை எடுத்து, ஓலைத் தூசியைத் தட்டி, என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் நெருப்பில் போட்டார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. பஸ் பாதி வழிதான் போயிற்று. மீதி வழி நடந்தோம், மாமா முன்னால், நான் பின்னால். மாமாவின் தலையில் நீலப் பெட்டி. ஒவ்வொரு மரத்தின்மேலும் பெட்டியை ஏற்றி, தான் ஏறி, என் கையைப் பிடித்து ஏற்றி இறக்கினார். மூன்றாவது மரத்தில் நின்று மூச்சு வாங்கினார். "எவன்டா இவ்ளோ பெரிய மரமா பாத்து வெட்டுனது," என்றார். பெட்டிக்குள்ள கல்லையா வெச்சிருக்க என்றும் கேட்டார். பரீட்சை எழுதினேன். இங்கிலீஷ் கேள்வித்தாளில் விடுமுறைக் கடிதம் வந்திருந்தது.

---

நான் முப்பது வருஷமாக இங்கிலீஷ் ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. போன மாதம் ஆசிரியர் ஓய்வறையில் யாரோ செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜாடி தெரிந்தது. ஜாடியிலிருந்து ஒரு கை. வாங்கிப் பார்த்தேன். அதே சேமியாக்காரன், அதே நீளமீசை. ஆசையோடு சத்தத்தைக் கூட்டினேன்.

அது இங்கிலீஷே இல்லை. சீனம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. அடி படமும் அப்படித்தான் இருந்திருக்கும். மூன்றில் ஒன்றுதான் இங்கிலீஷ், அதில்தான் எனக்கு வாய் வரவில்லை. ஓய்வறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் முழுப் படத்தையும் பார்த்தேன். நகப்பாலிஷ் ஒட்டிய இடத்தையும் தாண்டி, கடைசிவரை பார்த்தேன். பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, காது கொஞ்சம் கம்மி.

"மாமா, அந்த ஜாடிப் பேய் படம் இங்கிலீஷே இல்ல மாமா. சீனா படம்."

"அது தெரியுமே," என்றார் மாமா. "டெக்காரன் அன்னிக்கே சொன்னான், பீடி குடிக்கறப்ப."

"தெரிஞ்சிதான் பெட்டியத் தூக்குனீங்களா?"

"தெரியாத பாஷைய மூணு மணி நேரம் பேசற புள்ள, தெரிஞ்சத சொல்லிக்குடுத்தா இன்னாத்துக்கு ஆகாதுன்னு தூக்கனேன்." போனில் இருமினார். "அது கெடக்கட்டும். அன்னிலருந்து கேக்கணும்னு இருந்தேன். கடசீல அந்தப் புள்ளய ஜாடில போட்டு மூடிட்டானா இல்லியா?"

மூடிவிட்டான். மெழுகு ஊற்றி, முத்திரை குத்தி, ஜாடியை ஆற்றில் விட்டுவிட்டான். அதுதான் படத்தின் முடிவு. சற்றுமுன்தான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

"இல்ல மாமா," என்றேன். "கள்ளக்குறிச்சி பஸ் ஏறிப் போயிடுச்சி."

அந்தப் பக்கம் மறுபடியும் இருமல் கேட்டது.

"பெட்டிய யாரு தூக்குனது?" என்றார் மாமா.